வளவுக்குள் கட்டாக்காலி நாய்கள் வராமல் தடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நாய்த்தொல்லை என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை மதில்தான். பெரிய செலவில் மதில் எழுப்பி, கேற்றும் போட்ட பிறகு அதே நாய்கள் போட்டிக்கோவில் வந்து படுத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேலைகளை முன்பின்னாகச் செய்ததுதான் காரணம். நாய் ஏன் வருகிறது என்று பார்க்காமல் வேலியில் கை வைத்தால், நாய் வேறு வழி தேடும். சாப்பாடு உள்ளே இருக்கும்வரை அது தேடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் நாயைக் கவனிப்பது, பிறகு சாப்பாட்டை நிறுத்துவது, குட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, அதற்குப் பிறகுதான் வேலி.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இறுக்கமான மூடியுள்ள வாளி இரண்டு, வெல்ட் செய்த கம்பி வலை, கட்டுக்கம்பி, குறடு, அலவாங்கு, மண்வெட்டி, தடித்த கையுறை. மதில் கட்டி மிஞ்சிய கல்லு கிடந்தால் எறியாமல் வையுங்கள், தேவைப்படும். மெல்லிய கோழிவலையை வாங்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் ஊர்நாய் பல்லால் இழுத்தால் ஒரே இரவில் கிழிந்துவிடும்.

வேலை தொடங்க நல்ல காலம் மாரி மழைக்கு முன். ஐப்பசி, கார்த்திகையில் மண் இளகினால் நாய்க்குத் தோண்டுவது சுலபம், உங்களுக்கு அடைப்பது கஷ்டம்.

1. எந்த நாய், எந்த வழியால், எதற்காக வருகிறது?

சில நாட்கள் விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் கவனியுங்கள். வருகிற நாய்கள் எல்லாம் கட்டாக்காலி அல்ல. பாதிப் பிரச்சினை இரவில் அவிழ்த்துவிடப்படும் அயல்வீட்டு நாய்களால் வருவது. இன்னும் சில ஒழுங்கை (சிறு தெரு) நாய்கள், நாலைந்து வீடுகள் சேர்ந்து சோறு வைத்து வளர்ப்பவை. மிச்சம்தான் யாரோ கொண்டுவந்து விட்டுப்போனவை. அயல்வீட்டு நாய் என்றால் அந்த வீட்டாரோடு கதைப்பதுதான் முதல் மருந்து. மதில் செலவே மிஞ்சக்கூடும்.

வழியைக் கண்டுபிடிக்க வேலியை உள்ளேயும் வெளியேயும் குனிந்து பார்த்தபடி ஒரு சுற்று நடக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் தெரியாது. நாய் வழக்கமாக நுழையும் பொட்டில் (வேலி ஓட்டையில்) மண் மெழுகியதுபோல் வழவழப்பாக இருக்கும். புல் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். முள்ளுக்கம்பி இருந்தால் அதன் கீழ் இழையில் நாலைந்து மயிர் சிக்கியிருக்கும், செம்மஞ்சளா கறுப்பா என்று பார்த்தாலே எந்த நாய் என்று சொல்லிவிடலாம். சந்தேகமான இடத்தில் பின்னேரம் சாம்பலோ ஈர மணலோ தூவிவிடுங்கள். காலையில் கால் அடையாளம் இருக்கும்.

எங்கே நுழைகிறது என்பதோடு, நுழைந்து எங்கே போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குசினிப் பக்கம் போனால் சாப்பாடு, கிணற்றடிக்குப் போனால் தண்ணீரும் குளிர்ச்சியும், விறகுக் கொட்டிலுக்குப் போனால் பெரும்பாலும் குட்டி.

2. சாப்பாட்டை நிறுத்துங்கள்

இதை ஒழுங்காகச் செய்தாலே பல வீடுகளில் வரவு பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் மீன். மீன் வெட்டிய தண்ணீரை வாழையடியில் ஊற்றுவது எங்கள் பழக்கம், வாழைக்கும் நல்லதுதான். ஆனால் செதிலும் குடலும் அதோடு போய் மண்ணில் கிடந்தால், ஒழுங்கை முழுக்க உள்ள நாய்களுக்கு அழைப்பு வைத்த மாதிரி. தண்ணீரை வடித்து ஊற்றுங்கள். கழிவை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மண்ணை மிதித்து, மேலே ஒரு கல்லையும் வையுங்கள். ஆழமில்லாமல் புதைத்தால் அன்றிரவே கிண்டி எடுக்கும். கோழிக்கழிவுக்கும் இதேதான்.

அடுத்தது குப்பைப் பை. சபை வாகனம் காலையில் வரும் என்று முதல்நாள் இரவே படலையடியில் வைத்துவிடுகிறோம். நாய் பையைக் கிழித்துத் தின்றுவிட்டு, மணத்தைப் பிடித்து உள்ளே வருகிறது. வாகனம் வரும் நேரத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். அதுவரை மூடி வாளிக்குள் இருக்கட்டும்.

காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகள் அதை நிறுத்த வேண்டியதில்லை. நிலத்தில் வைக்காமல் மதில் தலைப்பிலோ உயரமான கட்டையிலோ வையுங்கள். காகம் தின்று மிஞ்சியதை அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள்.

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கன்று போட்ட அன்று விழும் இளங்கொடியின் (நஞ்சுக்கொடியின்) மணம் வெகுதூரம் போகும். மாட்டின் இளங்கொடியைச் சாக்கில் கட்டிப் பால்மரத்தில் தொங்கவிடுபவர்கள் நாய் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஆட்டினுடையதை ஆழமாகப் புதையுங்கள். ஈன்ற ஆட்டையும் குட்டியையும் அன்றிரவு வெளியில் கட்ட வேண்டாம்.

கடைசியாக, வீட்டுக்குள் ஒரு பேச்சு. மகன் கல்லெடுத்துக் கலைப்பார், அம்மம்மா பின்பக்கத்தால் மீன் முள்ளைப் போடுவார். பசித்த சீவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய மனம் நல்ல மனம்தான். அவரைத் தடுக்க வேண்டாம். வளவுக்குள் போடாமல் ஒழுங்கையில் ஓரிடத்தில், ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நாய் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் பழகிவிடும். பின்னால் அதற்குத் தடுப்பூசி போடப் பிடிப்பதற்கும் அந்தப் பழக்கம் உதவும்.

3. அடைக்குமுன் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தவறவிடும் படி இதுதான். பொட்டு எல்லாவற்றையும் அடைத்த பிறகு, விறகுக் கொட்டிலுக்குள் குட்டிகள் கத்தும். தாய் வெளியே நின்று இரவு முழுக்க ஊளையிடும், வேலியைப் பிய்க்கும், போகிற வருகிறவர்களைக் கடிக்கும். அல்லது தாய் உள்ளே அகப்பட்டு வீட்டாரையே கடிக்கும்.

விறகு அடுக்கு, பழைய தகரக் குவியல், கோழிக்கூட்டின் கீழ், பாவிக்காத மலசலகூடம், தண்ணீர்த் தாங்கியின் அடி எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வருகிற பெட்டை நாயின் முலை தொங்கியிருந்தால் எங்கேயோ குட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

குட்டி இருந்தால் அந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற வேலைகளைச் செய்யுங்கள். குட்டிகள் ஆறு, ஏழு கிழமையில் தாமாகச் சாப்பிடத் தொடங்கிவிடும். அதற்குள் அவற்றை எடுக்க ஆள் தேடுங்கள், தாய்க்குக் கருத்தடை செய்ய ஒழுங்குபடுத்துங்கள். கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவது பாவம். அதோடு தாய் அவற்றைத் தேடி உங்கள் வளவையே சுற்றிக்கொண்டிருக்கும்.

4. வேலியை அடியிலிருந்து அடையுங்கள்

நாய் பாய்ந்து வருவது குறைவு, நுழைந்து வருவதுதான் கூட. நாலரை, ஐந்து அடி உயரம் ஊர்நாய்க்குப் போதும். மேலே இன்னும் இரண்டு வரி கல்லு வைக்கும் காசை அடியில் போடுங்கள். குட்டி நாய்க்கு நாலு அங்குல இடைவெளி போதும். மெலிந்த பெரிய நாய் ஆறு, ஏழு அங்குலத்துக்குள்ளும் உடம்பைச் சுருக்கி வந்துவிடும்.

*ஓலை, கிடுகு வேலி:* மேலே நன்றாக இருக்கும், அடி வரிசை மட்டும் மழைத்தண்ணீர் தெறித்து உக்கிப்போகும், மிச்சத்தைக் கறையான் அரிக்கும். அந்த அடி ஒரு அடிக்கு ஓலையை நம்பாதீர்கள். கீழ் வரிச்சோடு சேர்த்துப் பனையின் கருக்குமட்டையை நெருக்கமாக நிறுத்திக் கட்டுங்கள். கருக்கு உடம்பில் உராயும் இடத்தால் நுழைய நாய் தயங்கும். மட்டை கிடைக்காவிட்டால் இரண்டடி அகலக் கம்பி வலையை ஓலைக்கு உள்பக்கமாகக் கட்டலாம்.

*கதியால் வேலி:* கிளுவையும் பூவரசும் வளர வளர அடிப்பக்கம் வெறுமையாகும். கதியாலுக்கும் கதியாலுக்கும் இடையில் கை நுழைந்தால் குட்டி நாயும் நுழையும். மாரி தொடங்கும்போது இடைவெளிகளில் புதுத் தடி நட்டுவிடுங்கள், அந்த ஈரத்தில்தான் நன்றாக வேர் பிடிக்கும். அவை தழைக்கும் வரைக்கும் அலம்பலை (வெட்டிய சிறு கிளைகளை) நெருக்கிச் செருகி வையுங்கள்.

*முள்ளுக்கம்பி வேலி:* இது மாட்டைத்தான் தடுக்கும். நாய்க்கு இழைகளுக்கு இடையே தாராளமாக வழி இருக்கிறது. அடியில் வலை கட்டாமல் இதனால் பயனில்லை.

*மதில்:* மழைத்தண்ணீர் போக விட்ட துவாரம்தான் நாயின் வாசல். அதை முழுதாக அடைத்தால் கார்த்திகை வெள்ளம் முற்றத்தில் நிற்கும். வலை கட்டினாலும் சருகு அடைத்து அதே கதிதான். மூன்று அங்குல இடைவெளியில் இரும்புக் கம்பியை நிறுத்திச் சீமெந்தில் பதியுங்கள். தண்ணீரும் சருகும் போகும், நாய் வராது.

அப்புறம் தோண்டுவது. இதில் மண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வடமராட்சி கிழக்கு, கொடிகாமம் பக்கத்து மணல் தரையில் நாய் கொஞ்ச நேரத்தில் குழி பறித்து உள்ளே வந்துவிடும். அங்கே வலையை ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இறக்குங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் பல இடங்களில் கொஞ்சம் வெட்டியதுமே சுண்ணாம்புக்கல் வந்து அலவாங்கு துள்ளும். அங்கே ஆழம் தேட வேண்டாம். வலையின் அடி ஒரு அடியை வெளிப்பக்கமாக மடித்து நிலத்தோடு படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். நாய் வேலியின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும், பாதம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. வெளிப்பக்கம் ஒழுங்கை என்றால் வலை மேலே தெரியாமல் புதைப்பது முக்கியம். சைக்கிள் சில்லும் பிள்ளைகளின் காலும் படும் இடம் அது.

எல்லாப் பொட்டையும் ஒரே நாளில் அடையுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த கிழமை ஒன்று என்று அடைத்தால் ஒவ்வொரு முறையும் நாய்க்குப் புது வழி பழகும். கடைசிப் பொட்டை மூடுமுன் வளவை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள், நாய் ஏதும் உள்ளே அகப்படக்கூடாது.

5. படலையும் கேற்றும்

வேலியைக் கச்சிதமாகச் செய்துவிட்டுப் படலையைத் திறந்துவைத்தால் என்ன பயன்? ரியூசனுக்குப் போகும் பிள்ளை சைக்கிளோடு வெளிக்கிடும்போது அதைச் சாத்துவதில்லை. ஆளை நம்பாமல் படலையையே தானாக மூட வையுங்கள். ஒரு கயிறு, ஒரு கப்பி, ஒரு கல்லு போதும். கல்லின் பாரம் இழுத்துச் சாத்திவிடும்.

கேற்றின் கீழ் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நிலம் சரிவாக இருந்தால் ஒரு மூலையில் கூடுதலாக இருக்கும், அதைத்தான் நாய் கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் சீமெந்தால் சின்ன மேடு போடலாம், அல்லது பழைய ரயரை வெட்டிக் கேற்றின் அடியில் ஆணி அடித்துத் தொங்கவிடலாம். கம்பிக் கேற் என்றால் கீழ் இரண்டடிக்கு வலை.

6. மணத்தையும் படுக்கும் இடத்தையும் இல்லாமலாக்குங்கள்

நாய் ஒருமுறை காலைத் தூக்கிய தூணில் திரும்பத் திரும்ப அதையே செய்யும், மற்ற நாய்களும் அதை மணந்து பார்த்து வரும். படலைத் தூண், கார் சில்லு, துளசி மாடத்தின் அடி ஆகியவற்றைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு வினாகிரியில் அதே அளவு தண்ணீர் கலந்து தெளியுங்கள். செடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சலத்தின் (சிறுநீரின்) மேல் நேராகக் குளோரின் ஊற்ற வேண்டாம், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

வெயில் காலத்தில் நாய் கிணற்றடி ஈரமண்ணையும் மாமர நிழலையும் தேடும். கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு ஓடவிட்டு, படுக்கும் குழியை நிரவி, நாலைந்து கல்லை அங்கே போட்டால் வேறு இடம் பார்க்கும். போட்டிக்கோ வாசலில் செருப்பையும் சாக்கையும் விடாதீர்கள். ஆள் நடந்தால் எரியும் சோலர் விளக்கு ஒன்றைப் பின்பக்கம் பொருத்தினால் இரவில் நல்ல உதவி.

7. உள்ளே வந்துவிட்டால் கலைக்கும் முறை

முதலில் படலையைத் திறவுங்கள். போக வழியில்லாத நாய் கடிக்கும். அது போகும் பாதையில் நிற்காமல் பின்பக்கமாக நின்று, உரத்த ஒரே சொல்லால் விரட்டுங்கள். தண்ணீர்க் குழாயோ ஒரு வாளித் தண்ணீரோ போதும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் கலைக்க வேண்டும். மூன்று முறை கலைத்து நாலாம் முறை விட்டால், பொறுத்திருந்தால் இடம் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

கல்லெறிந்தால் அந்த நேரம் ஓடும். ஆனால் அடிபட்ட நாய் மனிதரைக் கண்டால் கடிக்கப் பழகும். அந்தக் கடி பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு விழும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், வாய்நீர் வடிகிற, தாடை தொங்கிய, தள்ளாடுகிற, கண்டதையெல்லாம் கடிக்கிற நாயைக் கலைக்கப் போகாதீர்கள். அது விசர்நாயாக (ரேபிஸ் நோய் பிடித்த நாயாக) இருக்கலாம். பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

8. கோழியும் ஆடும்

வேலி சரியானாலும் கூட்டைத் தனியாகப் பலப்படுத்துங்கள். கோழிக்கூடு நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும், கொளுக்கி நாய் மூக்கால் தள்ளித் திறக்க முடியாததாக இருக்கட்டும். ஆட்டுக்கொட்டிலுக்கு இரவில் அடைக்கும் கதவு அவசியம். கயிற்றில் கட்டிய ஆடு ஓட முடியாது, நாய்க்கூட்டம் வந்தால் அதற்குத் தப்ப வழியில்லை.

9. செய்யவே கூடாதவை

நஞ்சு வைப்பது. இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து போட்டால் அதைத் தின்பது அந்த நாய் மட்டுமல்ல, பூனை, காகம், பக்கத்து வீட்டுக் கோழி, உங்கள் சொந்த நாய் எல்லாம்தான். எங்கள் மண்ணுக்குக் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், மேலே போட்டது கிணற்றுக்கு இறங்கும். நஞ்சு தின்ற நாய் சாகும் விதத்தை ஒருமுறை கண்டவர் மறுபடி அதை நினைக்கமாட்டார். 1907 ஆம் ஆண்டின் விலங்குவதைச் சட்டப்படி இது குற்றமும்கூட. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை.

வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது. இதில் மனிதர் சாவார்கள்.

நீல நிறத் தண்ணீர்ப் போத்தலைப் படலையில் தொங்கவிடுவதால் எதுவும் நடக்காது. மிளகாய்த்தூள் காற்றில் பறந்து உங்கள் பிள்ளையின் கண்ணுக்குத்தான் வரும். பூச்சிக்குண்டு நாய்க்கும் நஞ்சு, தவழும் குழந்தைக்கும் நஞ்சு.

பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விடுவதையும் தீர்வாக நினைக்காதீர்கள். ஒழுங்கையில் சாப்பாடு இருந்தால், போன நாயின் இடத்துக்கு வேறு நாய் வரும். வருவது தடுப்பூசி போடாத, பழக்கமில்லாத நாயாக இருக்கலாம்.

10. ஒழுங்கை நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும்

உங்கள் வீட்டு நாயிலிருந்து தொடங்குங்கள். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் சுற்றுவட்டாரக் கடுவன்கள் எல்லாம் உங்கள் வேலியைப் பிய்க்கும், எந்த அடைப்பும் நிற்காது. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கருத்தடை பற்றிக் கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஒவ்வொரு வருடமும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ நாயைப் பதிவதும் சட்டப்படி உங்கள் கடமை.

அடுத்து, ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் சேருங்கள். தனி ஆளாக ஒரு நாயைப் பிடிப்பது கடினம், ஆனால் சோறு வைக்கும் அம்மா கூப்பிட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். அவர் நாய்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், இந்த வேலையில் அவர்தான் உங்களுக்குப் பெரிய துணை. பெட்டைகளை முதலில் கவனியுங்கள். கருத்தடை செய்து ஊசி போட்ட நாலு நாய்கள் ஒழுங்கையில் இருந்தால், புது நாய்களை அவை அவ்வளவு லேசில் உள்ளே விடாது. உங்களுக்கும் வேலை குறையும்.

11. கடித்துவிட்டால்

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், அவசரத்தில் இரண்டு நிமிடமே 15 போலத் தெரியும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். கழுவியதும் அரச வைத்தியசாலைக்குப் போங்கள், சிகிச்சைக்குக் காசு இல்லை. நகக்கீறலும் குட்டி நாயின் கடியும் சின்ன விடயம் அல்ல. விசர் நோய் கடித்து இரண்டு, மூன்று மாதம் கழித்தும் வரலாம், அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம், அது 14 நாட்கள் எப்படி இருக்கிறது என்பது வைத்தியருக்குத் தேவையான தகவல்.

12. பக்கத்து வெறும் வளவு

உங்கள் வளவு கச்சிதமாகிவிட்டது, ஆனால் பக்கத்து வளவுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிறார். பற்றை மண்டி, கதவில்லாத வீட்டுக்குள் பெட்டைகள் குட்டி போடுகின்றன. யாழ்ப்பாணத்தில் இது ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். உரிமையாளருக்குப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, பற்றை வெட்டவும் கதவு வாசலுக்குத் தகரம் அடிக்கவும் அனுமதி கேளுங்கள். அனுமதியைக் குரல் பதிவாகவோ எழுத்திலோ வாங்கி வையுங்கள், காணிக்குள் போனது பின்னால் பேச்சாகக்கூடாது. வெட்டும்போது கட்டு இல்லாத பழைய கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கும், தடியால் தட்டித் தட்டி முன்னேறுங்கள். தகரம் அடிக்குமுன் அங்கேயும் ஒவ்வொரு அறையாக டோர்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.